வாகனத் திருட்டுத் தடுப்புச் சாதனங்களும் காப்புறுதியும்: கொழும்பு நடைமுறை

வாகனத் திருட்டுத் தடுப்புச் சாதனங்கள் பல வகைப்படும். பூட்டு, அலாரம், சரியான சாவி இல்லாமல் எஞ்சினை இயங்கவிடாத இமொபிலைசர், இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் கருவி, சாரதியை மிரட்டி வண்டியைப் பறித்துச் செல்பவனைச் சிறிது தூரத்தில் நிற்கவைக்கும் தாமதத் துண்டிப்பு ஆகியவை முக்கியமானவை. இவற்றுள் எது உண்மையில் திருட்டைக் குறைக்கிறது, அதற்குக் காப்புறுதி நிறுவனம் என்ன மதிப்புத் தருகிறது என்பவை வேறு வேறு கேள்விகள். இரண்டுக்கும் ஒரே விடை கிடைப்பதில்லை.

கொழும்பின் கிருலப்பனையில் இந்த விடயத்தை நேரில் பார்க்கலாம். ஹைலெவல் வீதியும் பேஸ்லைன் வீதியும் சந்திக்கும் இடம் அது. உள்ளே பிரியும் ஒழுங்கைகளில் வீட்டுக்குள் கார் விட இடமில்லாதவர்கள் இரவில் மதிலோரமாக நிறுத்துகிறார்கள். பக்கத்து ஊரான நாரஹேன்பிட்டியின் எல்விட்டிகல மாவத்தையில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இருக்கிறது. ஒரு வண்டி யாருடையது என்பதைத் தீர்மானிக்கும் பதிவு அங்கேதான். மருதானைப் பக்கம் போனால் பஞ்சிகாவத்தை, பழைய உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன சந்தை. வண்டி நிற்கும் ஒழுங்கை, அதன் ஆவணம் இருக்கும் அலுவலகம், அதன் பாகங்கள் விலைபோகும் கடைத்தெரு மூன்றும் சில கிலோமீற்றர் வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

திருட்டுக்கான தூண்டுதலை இலங்கையில் விலை பெருக்கிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் புதியது வராததால், ஓடிக்கொண்டிருந்த விட்ஸ், அக்குவா, வேகன் ஆர் போன்றவை வாங்கிய விலையைத் தாண்டி இரு மடங்குக்கும் மேல் போயின. கார் ஒன்றே குடும்பத்தின் மிகப் பெரிய சேமிப்பாக மாறிய வீடுகள் கொழும்பில் ஏராளம். பழைய டொல்பின் வானுக்கும் சனி காருக்கும் கூட உதிரிப்பாக மதிப்பு ஏறியது.

பூட்டிலிருந்து இமொபிலைசர் வரை

முதலில் பெருமளவில் பயன் தந்த சாதனம் ஸ்டியரிங் லொக். மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில் எல்லாக் கார்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது, திருட்டு இறங்கியது. அமெரிக்கக் கார்களில் 1970ஆம் ஆண்டு மாடல்களிலிருந்தும், பிரித்தானியாவின் புதிய கார்களில் 1971இலிருந்தும் அது வந்தது. பிரித்தானியாவில் புதிய கார்களில் மட்டும் பூட்டப்பட்டதால் கள்வர்கள் பழைய கார்களின் பக்கம் திரும்பினார்கள். ஜெர்மனியைப் போல எல்லா வண்டிகளுக்கும் சேர்த்துச் செய்திருந்தால் அந்த இடமாற்றத்துக்கு இடம் இருந்திருக்காது.

ஸ்டியரிங் சக்கரத்தின் மேல் குறுக்காக மாட்டும் இரும்புத் தண்டு, கியர் லொக், முச்சக்கரவண்டிக்காரர்கள் இருக்கைக்கு அடியில் ஒளித்துவைக்கும் கட் ஓஃப் சுவிட்ச் எல்லாம் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. தண்டு கண்ணுக்குத் தெரிவதால் கள்வனை அடுத்த காருக்கு அனுப்புகிறது. ஒளித்துவைத்த சுவிட்ச் கள்வன் வண்டியைக் கிளப்ப முயலும்போதுதான் வேலை செய்கிறது. முச்சக்கரவண்டியின் சாவி மிக எளிய அமைப்பு. இலங்கையில் பதிவான முச்சக்கரவண்டிகள் 10 லட்சத்துக்கும் மேல். அவற்றில் பலவற்றுக்கு இந்தச் சில நூறு ரூபா சுவிட்ச்தான் ஒரே காவல். அதை மலிவு என்று தள்ளிவிடக் கூடாது. எந்த இடத்தில் இருக்கிறது என்று கள்வனுக்குத் தெரியாதவரை அது நன்றாகவே வேலை செய்யும்.

சாவிக்குள் மின்னணுவை வைக்கும் முயற்சி 1986இல் கோர்வெட் காரில் தொடங்கியது. சாவியில் பதித்த ஒரு மின்தடையின் அளவைக் கார் சரிபார்க்கும். இன்றைய இமொபிலைசர் அதன் வளர்ந்த வடிவம். சாவியின் பிளாஸ்டிக் பிடிக்குள் ஒரு சில்லு இருக்கிறது. அதற்குப் பற்றரி கிடையாது. சாவி நுழையும் துளையைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் சுமார் 125 கிலோஹேர்ட்ஸ் அலையால் அதற்கு மின்சக்தி தருகிறது. கார் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எண்ணைக் கேள்வியாக அனுப்பும். சில்லு தன் இரகசியக் குறியீட்டால் அதற்குரிய விடையைக் கணித்துத் திருப்பியனுப்பும். விடை பிழைத்தால் எஞ்சின் கணினி எரிபொருளையும் தீப்பொறியையும் நிறுத்திவிடும். சாவியின் வெட்டை மட்டும் நகலெடுத்தவனுக்கு ஸ்டார்ட்டர் சுற்றினாலும் எஞ்சின் பிடிக்காது.

ஜெர்மனியும் அப்போது உறுப்புநாடாக இருந்த பிரித்தானியாவும் உட்பட ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அவுஸ்திரேலியா 2001இலும் கனடா 2007இலும் தொடர்ந்தன. நெதர்லாந்தின் 1995 முதல் 2008 வரையான தரவுகளை ஆராய்ந்த யான் வான் ஊர்ஸ், பென் ஃபொலார்ட் ஆகிய பொருளியலாளர்கள், இமொபிலைசர் கட்டாயம் கார்த் திருட்டைச் சராசரியாகச் சுமார் 40 சதவீதம் குறைத்ததாகக் கண்டார்கள். தடுக்கப்பட்ட ஒரு திருட்டுக்கு ஆன செலவு ஏறத்தாழ 1,500 யூரோ. திருடப்படும் கார் ஒன்றின் பெறுமதியோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை.

எதிர்மறைச் சான்று அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கு சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 2011 முதல் 2021 வரை அந்நாட்டில் விற்கப்பட்ட கியா, ஹியுண்டாய் கார்களில் பெரும் பகுதி இமொபிலைசர் இல்லாமல் வெளிவந்தன. 2022இல் அவற்றை யூஎஸ்பி முனையால் கிளப்பும் முறையைக் காட்டும் காணொளிகள் பரவின. 2023 ஜனவரியில் ஸ்டேட் ஃபார்ம், புரோகிரசிவ் ஆகிய பெரிய காப்புறுதி நிறுவனங்கள் சில நகரங்களில் அந்தக் கார்களுக்குப் புதிய காப்புறுதி வழங்குவதை நிறுத்தின. சாதனம் ஒன்றின் இல்லாமை காப்புறுதியை எப்படிப் பாதிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அங்கே தள்ளுபடி எவ்வளவு என்ற பேச்சே இல்லாமல், காப்புறுதி கிடைக்குமா என்பதே கேள்வியாகிவிட்டது.

அலாரம்

மக்கள் மனதில் திருட்டுத் தடுப்பு என்றால் அலாரம்தான். கதவு, பொனட், டிக்கி திறப்பதை உணரும் சுவிட்சுகள், அதிர்வை உணரும் சென்சர், அவற்றை இணைக்கும் பெட்டி, சைரன், ரிமோட் ஆகியவை அதன் உறுப்புகள். சென்ட்ரல் லொக்குடன் சேர்த்தே கடைகளில் விற்பார்கள்.

அதன் பயன் மிகக் குறைவு என்பதே என் மதிப்பீடு. 1990களில் அமெரிக்காவின் நெடுஞ்சாலை இழப்புத் தரவு நிறுவனம் அலாரம் உள்ள கார்களின் காப்புறுதிக் கோரிக்கைகளை ஆராய்ந்தபோது, திருட்டு இழப்பில் ஒட்டுமொத்தக் குறைவு எதையும் காணவில்லை. காரணம் வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் வசிக்கும் எவருக்கும் தெரியும். இடி முழங்கினால் அலறும், தீபாவளி வெடிக்கும் சித்திரைப் புத்தாண்டு வெடிக்கும் அலறும், கனமான லொறி கடந்தால் தெரு முழுக்க அலறும். பத்துத் தடவை பொய்யாகக் கூவியதைப் பதினோராவது தடவை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

சைட் மிரர் கண்ணாடி திருட்டுக்கும் அலாரம் உதவுவதில்லை. கண்ணாடியைக் கழற்றும் கை அதிர்வு சென்சரை எழுப்புவதற்குள் காரியம் முடிந்துவிடும். கண்ணாடியில் வண்டி இலக்கத்தைப் பொறித்துவைப்பது அதைவிட மலிவான, மேலான தடுப்பு. இலக்கம் பொறித்த பாகத்தை விற்பது கடினம்.

வெளியில் பூட்டும் அலாரத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. இக்னிஷன் வயரை வெட்டி ஒட்டிப் பூட்டும்போது இணைப்புத் தரமாக இல்லாவிட்டால் வண்டி நடுவீதியில் நிற்கலாம், வயர் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். ஹைபிரிட் கார்களில் கண்டவர் கையில் வயரிங்கை ஒப்படைப்பது நல்லதல்ல.

சாவியில்லாச் சாவி

கையில் எடுக்காமலே கதவைத் திறக்கும் ஸ்மார்ட் சாவி புதிய வாசல் ஒன்றைத் திறந்தது. கார் தாழ்ந்த அலைவரிசையில் கூப்பிட, அருகிலிருக்கும் சாவி உயர்ந்த அலைவரிசையில் பதில் சொல்லும். ஒருவன் வீட்டு வாசலிலும் மற்றவன் காரருகிலும் நின்று இரு கருவிகளால் இந்த உரையாடலை நீட்டிவிட்டால், உள்ளே மேசையில் கிடக்கும் சாவி தன் பக்கத்தில் இருப்பதாகக் கார் நம்பிவிடும். 2011இல் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 மாடல்களில் இதைச் செய்து காட்டினார்கள். முகப்பு விளக்கின் பின்னாலுள்ள வயரில் பொய்க் கட்டளை செலுத்தி ரொயோட்டா ராவ்4 ஒன்றைத் திருடிய முறை 2023இல் வெளிப்படுத்தப்பட்டது.

சாவியை மூடிய உலோகப் பெட்டிக்குள் வைத்தால் முதல் முறை தோற்கும். பல ரொயோட்டா ஸ்மார்ட் சாவிகளில் பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பொத்தானை இரு தடவை அழுத்தினால் சாவி உறங்கும் நிலைக்குப் போய்விடும். இரவில் அப்படிச் செய்துவிட்டுப் படுக்கலாம். ஸ்டியரிங் தண்டு இந்தக் காலத்தில் மீண்டும் மதிப்புப் பெறுவதும் இதனால்தான். எந்த அலைவரிசைக்கும் அது கட்டுப்படாது.

வழிப்பறி

இமொபிலைசர் பரவிய நாடுகளில் சாவி இல்லாமல் காரைக் கிளப்புவது கடினமாயிற்று. அதனால் கள்வர்களின் கவனம் சாவிக்கும் சாவி வைத்திருப்பவருக்கும் திரும்பியது. தென்னாபிரிக்கா இதில் மிகுந்த துன்பத்தைக் கண்டது. 1998இல் அங்கு காரின் பக்கத்திலிருந்து தீச்சுவாலை கக்கும் ‘பிளாஸ்டர்’ என்ற சாதனம் கூட விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் சில நூறு பேர்தான்.

பொறுப்பான சாதனம் தாமதத் துண்டிப்பு. எஞ்சின் ஓடும்போது சாரதிக் கதவு திறந்து மூடினால் ஒரு நேரக் கணிப்பு தொடங்கும். ஒளித்துவைத்த பொத்தானை அழுத்தாவிட்டால் சில நூறு மீற்றர் தாண்டியதும் விளக்குகள் மின்னி எஞ்சின் அடங்கும். உரிமையாளர் பாதுகாப்பான தூரத்துக்கு விலகியிருப்பார். வேகமாக ஓடும் வண்டியை ஒரேயடியாக நிறுத்தும் வகையை வாங்கக் கூடாது. பவர் ஸ்டியரிங்கும் பிரேக் உதவியும் சேர்ந்து போய்விட்டால் வீதியில் போகும் மூன்றாமவர் உயிரிழக்க நேரும்.

இலங்கையில் துப்பாக்கி முனையில் காரைப் பறிப்பது அன்றாடக் குற்றமாகவில்லை. அதிகம் ஆபத்துக்குள்ளாவது முச்சக்கரவண்டிக்காரர்தான். இரவில் வாடகைக்குக் கூப்பிட்டுத் தனியான இடத்துக்குப் போனதும் அவரைத் தாக்கி வண்டியை எடுத்துப்போன செய்திகள் அவ்வப்போது பத்திரிகைகளில் வருகின்றன. எந்தச் சாதனமும் வண்டிக்காக உயிரைக் கொடுக்கச் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு விலகி, 119க்கு அழைப்பதே சரி.

காப்புறுதி எதற்குப் பணம் தருகிறது

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அது நம் வண்டியால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் மரணத்துக்குமானது. நம் வண்டி களவுபோனால் ஒரு சதமும் வராது. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது காப்புறுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்பார்கள். இமொபிலைசர் இருக்கிறதா என்று கேட்பதில்லை. திருட்டுக்கு ஈடு வேண்டுமானால் பேச்சில் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ எனப்படும் முழுக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். லீசிங்கில் வாங்கிய வண்டிக்கு நிதி நிறுவனம் அதைக் கட்டாயப்படுத்தும். பதிவுப் புத்தகத்தில் முழுமையான உரிமையாளராக அந்த நிறுவனமே இருப்பதால் ஈட்டுப் பணம் முதலில் அங்கேதான் போகும்.

சாதனம் பூட்டினால் தவணைக் கட்டணம் எவ்வளவு குறையும்? இந்தியாவில் இதற்கு எழுதப்பட்ட விடை இருந்தது. 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகளின்படி, வாகனச் சோதனை அமைப்பான ஏஆர்ஏஐயின் சான்று பெற்ற திருட்டுத் தடுப்புச் சாதனத்துக்குச் சொந்தச் சேதக் கட்டணத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபா தள்ளுபடி. சாதனத்தின் விலையை மீட்க எத்தனை ஆண்டு வேண்டும் என்று கணக்குப் போட்டால் எவருக்கும் மனம் சோரும்.

இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் 1986இல் அறிமுகமான லோஜாக் என்ற ஒளித்துவைக்கும் வானொலிக் கருவியை இயன் அயர்ஸ், ஸ்டீவன் லெவிட் ஆகிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1998இல் எழுதினார்கள். எந்தக் காரில் அது இருக்கிறது என்று வெளியில் தெரியாது; எனவே கள்வன் எல்லாக் கார்களுக்கும் அஞ்சினான். பெரு நகரங்களில் மூன்று கருவி பூட்டினால் ஆண்டுக்கு ஒரு திருட்டு குறைந்தது. ஆனால் பூட்டியவருக்குக் கிடைத்தது மொத்த நன்மையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி அயலாருக்குப் போயிற்று. காப்புறுதி நிறுவனம் தன் வாடிக்கையாளரின் பங்குக்கு மட்டுமே தள்ளுபடி தரும், அயலாரின் பங்கைக் கணக்கில் எடுக்காது. தனித்தனி மனிதரின் பொறுப்பில் விட்டால் நல்ல சாதனம் போதிய அளவு பரவாது. இறக்குமதி வாசலிலேயே எல்லா வண்டிக்கும் இமொபிலைசர் கட்டாயமாக வேண்டும் என்று சொல்ல இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

தள்ளுபடி வாங்கியவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதனம் இருப்பதாக முன்மொழிவுப் படிவத்தில் எழுதிக் கட்டணக் குறைப்புப் பெற்றால் அது ஒப்பந்தத்தின் பகுதியாகிறது. ஜிபிஎஸ் சந்தா கட்டாமல் அணைந்து கிடந்த இரவில் வண்டி போனால் நிறுவனத்துக்கு மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

திருட்டுக் கோரிக்கையில் பெரும்பாலும் கேட்கப்படுபவை: பொலிஸ் முறைப்பாடு, பதிவுப் புத்தகம், இரண்டு சாவிகளும். ஒரு சாவி குறைந்தால் கேள்விகள் நீளும். பழைய கார் வாங்கும்போதே இரண்டாம் சாவியைக் கேட்டு வாங்குவது அதனால் முக்கியம். நிறுவனத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்பதும் ஒப்பந்த நிபந்தனை. முறைப்பாடு உடனே செய்யப்பட்டிருந்தால், நிறுவனத்துக்கு அறிவிப்பதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காட்டி உண்மையான கோரிக்கையை மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதியரசர் அமர்வு தீர்ப்பளித்தது. இலங்கை நிறுவனங்களை அது கட்டுப்படுத்தாவிட்டாலும் வாதத்துக்கு உதவும். இங்கே முறையிட 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனும் உண்டு.

தொகை இன்னொரு சிக்கல். ஈடு என்பது காப்புறுதித் தொகை, சந்தை விலை இரண்டில் குறைந்ததே. 2020க்குப் பிறகு விலை ஏறியபோது பழைய தொகையிலேயே புதுப்பித்தவர்கள் பலர். அவர்களின் கார் களவுபோயிருந்தால், கிடைக்கும் பணத்துக்கு அதே காரின் பாதி கூட வாங்கியிருக்க முடியாது.

கலவரத்தில் எரிக்கப்படும் அல்லது சூறையாடப்படும் வண்டி திருட்டுக் கணக்கில் வராது. அதற்கு வேலைநிறுத்தம், கலகம், குடியியற் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான தனிக் காப்பீட்டைச் சேர்த்திருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை ஏற்கிறது. 1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையில் வண்டிகள் எரிந்ததைக் கண்ட தலைமுறைக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. சிறு கட்டணம்தான், மிச்சம் பிடிக்க இதை வெட்டுவது தவறு.

சாவியைத் தானே கொடுத்தால்

கொழும்பில் வண்டியை இழப்பவர்களில் பலர் பூட்டை உடைத்த கள்வனிடம் இழக்கவில்லை. வாடகைக்குக் கேட்டு வந்தவரிடம் தாமே சாவியைக் கொடுத்தார்கள். அவர் தேசிய அடையாள அட்டைப் பிரதியைத் தந்து, முதல் மாத வாடகையும் கட்டி, வண்டியை வேறு மாவட்டத்தில் ஒருவரிடம் அடகுவைத்துவிட்டு மறைந்துவிடுவார். ஆடி, மார்கழி மாதங்களில் வெளிநாட்டு உறவினர் வரும்போது வெள்ளவத்தையில் வான்களுக்குக் கேள்வி கூடும். தம் சொந்த வண்டியை நாலு நாளைக்கு விட்டுச் சம்பாதிப்போரும் கூடுவார்கள்.

இங்கே இமொபிலைசர் பயனற்றது, ஏனெனில் சாவி சரியானது. காப்புறுதியும் பெரும்பாலும் கைவிடும். சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த காரைக் கூலிக்கு விட்டால் பாவனை வரம்பு மீறப்படுகிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும் இவற்றைத் தனித்தனியாகவே பார்க்கிறது: 366ஆம் பிரிவு களவு, 388ஆம் பிரிவு நம்பிக்கை மோசடி, 398ஆம் பிரிவு வஞ்சனை. களவுக்கு ஈடு தருவதாகச் சொல்லும் ஒப்பந்தம் மற்ற இரண்டுக்கும் தானாக விரியாது. வாடகை வண்டிக்கென்று தனிக் காப்புறுதி எடுத்து, நம்பிக்கை மோசடியும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இந்த வகை இழப்பில் உண்மையிலேயே உதவும் ஒரே மின்னணுச் சாதனம் ஜிபிஎஸ். அதையும் கண்ணுக்குப் படும் இடத்தில் ஒன்று, படாத இடத்தில் ஒன்று என்று இரண்டாக வைப்பவர்கள் அனுபவசாலிகள்.

அடகுபிடித்தவரும் வாங்கியவரும் ஏமாறுவதற்கு வழி செய்வது ‘ஓப்பன் பேப்பர்’ பழக்கம்: கையொப்பமிட்ட மாற்றப் படிவத்தோடு வண்டி பல கைகள் மாறும், திணைக்களப் பதிவில் முதல் உரிமையாளரின் பெயரே நிற்கும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார்களில் 17 குறிகள் கொண்ட சர்வதேச இலக்கம் கிடையாது. மாடல் குறியும் தொடர் எண்ணுமாக ஒரு குறுகிய அடிச்சட்ட இலக்கம் மட்டுமே அடிக்கப்பட்டிருக்கும். வாங்குபவர் அந்த இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடும், கிடைத்தால் ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழோடும் ஒப்பிட்டு, திணைக்களத்தில் கட்டணம் செலுத்தி வாகன விவரத்தைப் பெற்றுப் பார்க்க வேண்டும். இலக்கத்தைச் சுற்றித் தேய்த்த தடமோ புதிய வர்ணமோ இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

களவுபோன வண்டி அகப்பட்டால் பொலிஸ் அதை நீதவானிடம் அறிக்கையிடும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431ஆம் பிரிவின் கீழ் அதை யாரிடம் ஒப்படைப்பது என்று நீதவான் கட்டளையிடுவார். வழக்கு முடியும்வரை பிணையில் கையளிப்பதும் உண்டு. ஈட்டுத் தொகை கொடுக்கப்பட்ட பின்னர் வண்டி கிடைத்தால் அது காப்புறுதி நிறுவனத்துக்கே உரியது.